அடிக்கிற பட்டன்

"வேலை விட்டு வந்தா இதே பொழப்பா? யாருங்க அந்த முயல்?" தெரசா டிவி முன்னால் வந்து நின்றாள்.

"ஆன்லைன்ல ஆடறவங்க," என்றார் யேசுதாஸ்.

டிவியில் ஓடிய வீடியோ கேம் எளிதுதான். மேலிருந்து நாணயங்கள் கொட்டும், ஓடிப் பொறுக்க வேண்டும். பொறுக்கியவரை ஓர் அடி அடித்தால் அவரிடம் இருப்பதில் பாதி சிதறும், அடித்தவர் அள்ளிக்கொள்ளலாம். யேசுதாஸ் ஆட்டுவித்த கரடியோ, வாரிய நாணயங்களோடு நேரே முயலிடம் போய் நின்றது. முயல் அடித்தது, அள்ளியது.

"பொம்பளயா?"

"பொம்பளதான்."

"எனக்கு ஒரு முழம் பூ வாங்க மறந்துடுது. அவளுக்குக் கொட்டிக் குடுக்கறீங்க. யாரு அவ?"

"மெதுவாப் பேசு, இது லைன் வீடு. பக்கத்து வீட்ல கேக்கும்."

"கேக்கட்டும். இன்னா இப்போ?"

யேசுதாஸ் திரும்பினார். "நம்ம பொண்ணு சுமாதான். நம்ம பேச்சைக் கேக்காம கட்டிக்கினு பெங்களூர் போனாளேன்னு, அவகூடப் பேசக் கூடாதுன்னு மாதா படத்து மேல என்கிட்ட சத்தியம் வாங்கினியே. ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசல. விளையாடக் கூடாதுன்னு நீ சொல்லல."

தெரசா அவர் கையிலிருந்த கன்ட்ரோலரைப் பிடுங்கினாள்.

"அடிக்கிற பட்டன் எது?"

அவர் தொட்டுக் காட்டினார்.

அதுவரை யாரையும் அடித்தறியாத கரடி முயலை ஓங்கி அடித்தது. மறுபடி அடித்தது. நாணயங்கள் சிதறின. தெரசா ஒன்றையும் அள்ளவில்லை.

முயல் ஒரு கணம் அசையாமல் நின்றது. ஆனால் ஓடவில்லை. கரடி எப்போதும் நிற்பதுபோல, இன்னும் கிட்டே வந்து நின்றது.