பல்லி விழுந்த பலன்

இளம்பரிதியின் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு திண்டுக்கல்லிலிருந்து பாங்காக் வந்து சேர்ந்த பல்லிக்கு அந்த ஊர் பிடிக்கவே இல்லை.

“எங்க ஊர்ல நான் கத்தினா, பேச்சை நிறுத்திட்டு ‘பல்லி சொல்லிடுச்சு’ன்னு தரையைத் தட்டுவாங்க. மேல விழுந்தா பஞ்சாங்கத்தை எடுத்துப் பலன் பார்ப்பாங்க. இங்க பக்கத்து வீட்டுக்காரன் தோள்ல விழுந்தேன். தட்டிவிட்டுட்டு நூடுல்ஸ் சாப்பிடறான்.”

“நீ பல்லி. பேசாம பூச்சியைப் பிடி,” என்றது உள்ளூர்ப் பல்லி.

புதுப் பல்லிக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராக டியூப்லைட் மேல் ஏறி, குறிபார்த்து இளம்பரிதியின் உச்சந்தலையில் குதித்தது.

அவன் அலறிக்கொண்டு ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டான். அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். “தலையிலயா விழுந்துச்சு? ஆகவே ஆகாதுடா. முதல்ல அந்த வீட்டைக் காலி பண்ணு.”

சாயங்காலமே அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டான். அவன் காலி செய்த வீட்டில் விளக்கு எரியாததால் ஒரு பூச்சிகூட உள்ளே வரவில்லை.

“இந்த ஊர்லயே உன்னை மதிச்சவன் அவன் ஒருத்தன்தான். அவனையும் விரட்டிட்டியே,” என்றது உள்ளூர்ப் பல்லி.

புதுப் பல்லி காய்ந்த வயிற்றைச் சுவரோடு அழுத்திக்கொண்டு தலையை நிமிர்த்தியது.

“மரியாதைன்னா என்னன்னு இப்பவாவது பார்த்தியா?”