மேடத்துக்குப் பிடித்த வீடு

"இந்த வீட்ல என்னங்க மேடம் குறை? வாய்விட்டுச் சொன்னாத்தானே எனக்கும் தெரியும்" என்றார் வீட்டுத் தரகர்.

மாடிப்படியில் பாதி ஏறிய மேடம் அப்படியே இறங்கி வந்து, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தரகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கு வடக்கே, மரங்கள் அடர்ந்த புதுக் குடியிருப்பு அது. தனி வீடு. நாலு பக்கமும் தோட்டம், தோட்டத்தைச் சுற்றி ஆளுயர மதில், அதற்கப்பால் இன்னும் யாரும் வீடு கட்டாத காலி மனைகள். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. ஜன்னலைத் திறந்தால் காற்று ஆளைத் தூக்குகிறது. மற்றவர்களாக இருந்தால் அங்கேயே முன்பணத்தை நீட்டியிருப்பார்கள். இந்த அம்மாவோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

கூட வந்த கணவனைப் பார்த்தால்தான் அவருக்குப் பாவமாக இருந்தது. வேலை மாற்றல் வந்தது மனைவிக்கு. வாடகை கொடுப்பது அவளுடைய அலுவலகம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதும் அவள்தான். அவனுக்கு வீட்டிலிருந்தபடியே கணினியில் பார்க்கிற வேலை. பிறந்து வளர்ந்த ஊரை விட்டுவிட்டு மனைவி பின்னால் கிளம்பி வந்திருக்கிறான். எத்தனை ஆண்கள் வருவார்கள்? வந்தவன், உட்கார்ந்து வேலை பார்க்க அமைதியாக ஒரு வீடு வேண்டும் என்கிறான். அது ஒரு பேராசையா?

"அவளுக்குப் பிடிக்கலைன்னா விடுங்க சார். வேற பார்ப்போம்" என்று அவன் சிரித்தபடி கார்க் கதவை அவளுக்காகத் திறந்து பிடித்தான். அவளுடைய கைப்பையைக்கூட அவன்தான் சுமந்துகொண்டிருந்தான்.

அடுத்தது ஏரிக்கரையோர அடுக்குமாடி. லிஃப்ட் இருக்கிறது, பூங்கா இருக்கிறது, படுக்கையறையிலிருந்து பார்த்தால் ஏரி முழுதும் தெரிகிறது. மேடம் ஏரியைப் பார்க்கவே இல்லை. தாழ்வாரத்தில் நின்று, சாத்திக் கிடந்த எதிர்வீட்டுக் கதவைப் பார்த்து அங்கே யார் இருக்கிறார்கள் என்று காவலாளியிடம் விசாரித்தாள். தனக்குத் தெரியாது என்றவர், இங்கே யாரும் யார் விஷயத்திலும் தலையிட மாட்டார்கள் என்று அதைப் பெருமையாகவும் சொன்னார். அவ்வளவுதான், மேடம் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டாள்.

வம்பளக்க அவளுக்கு ஆள் வேண்டும், அதுதான் விஷயம் என்று கணவன் தரகரின் காதில் கிசுகிசுத்தான். தரகருக்கும் அப்படித்தான் பட்டது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். விடுதி அறையை இன்று மாலை காலி செய்தாக வேண்டும். இந்த நிலைமையில் வம்பளக்க ஆள் தேடுகிறாளாம். அவருக்கு அலைச்சல்தான் மிச்சம்.

திரும்பும் வழியில் சந்தைக்குப் பின்னால் ஒரு குறுகிய தெருவில் கார் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து 'வீடு வாடகைக்கு' என்ற பலகை மேடத்தின் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

அதை வீடு என்று சொல்வதே அதிகம். ஒரு வீட்டின் நடுவில் பேருக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, இரண்டு வீடு என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். குளியலறைக் கதவு சாத்தினால் திறக்கவில்லை, திறந்தால் சாத்தவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ இருமினார்கள். ஒரு சிறுமி வாய்ப்பாடு சொன்னாள். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று தப்பாகச் சொன்னதுகூடத் தெளிவாகக் கேட்டது.

மேடம் நேராகப் படுக்கையறைக்குப் போய் விரல் முட்டியால் சுவரை லேசாகத் தட்டினாள்.

"யாரு?" என்று அந்தப் பக்கத்திலிருந்து உடனே ஒரு பெண்குரல் கேட்டது.

அன்றைக்கு முதல் தடவையாக மேடத்தின் முகம் மலர்ந்தது. "இதையே எடுத்துக்கலாங்க" என்றாள்.

கணவனின் முகம் சிவந்துவிட்டது. யாருக்குத்தான் சிவக்காது? அப்போதும் அந்த மனுஷன் குரலை உயர்த்தவில்லை. அவள் பக்கத்தில் போய் மெதுவாகத்தான் கேட்டான்.

"நல்லா யோசிச்சியா? இங்க தும்மினாக்கூட நாலு வீட்டுக்குக் கேக்கும். நாம குடித்தனம் பண்ணப் போறோமா, நாடகம் போடப் போறோமா?"

"யோசிச்சுட்டேங்க."

அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தரகரிடம் திரும்பி, எல்லாம் அவள் இஷ்டம் என்று சிரித்துவிட்டு, தெருவை அடைத்துக்கொண்டிருந்த காரை நகர்த்தப் போனான்.

தரகருக்கு ரத்தம் கொதித்தது. தங்கமான மனுஷன், அவனுக்கு வாய்த்தது இப்படி. தரகுப் பணம் போனாலும் போகட்டும், இந்த அம்மாவை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவர் வாயைத் திறந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். குடிவரப் போகிறவர்களைப் பார்க்க வந்தவள், இது சுவர் இல்லை, வெறும் அட்டை என்று அவளே ஒப்புக்கொண்டாள். தன் கணவரின் இருமலும் பிள்ளையின் சத்தமும் ஓயவே ஓயாது, தொந்தரவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

"உங்க சத்தம் எவ்வளவு வேணும்னாலும் வரட்டும்க்கா" என்ற மேடம், தெருப்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்ல சத்தம் கேட்டா மட்டும், புருஷன் பொண்டாட்டி விஷயம்னு இருந்துடாம வந்து கதவைத் தட்டுங்க. போன வீட்ல அவர் என் கையை முறிச்சப்போ நான் கத்தினது ஒருத்தருக்கும் கேக்கலை."