வாசனைக்கு இடமில்லை

கருத்தரிப்பு மையத்தின் லேபில், காலையிலிருந்து சோதனைக்கு வந்த விந்து மாதிரிகளில் இது ஒன்பதாவது. கழுவி, மெஷினில் சுழலவிட்டு, நன்றாக நீந்தும் அணுக்களைப் பிரித்தெடுப்பதற்குள் மிலேவாவுக்குக் கழுத்து விட்டுப்போனது.

உதவிக்கு வந்த யாஸ்னா மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, சென்ட் போட்டிருக்கீங்களா? நெடி பட்டா கரு நிக்காதுன்னு எங்களைத் திட்டித் தீர்ப்பீங்களே!"

"நானாடி? எங்க வீட்டுக்காரர் ஆசையா வாங்கித் தந்த பாட்டிலையே இந்த லேபுக்கு வந்த அன்னிக்குத் தூக்கிப் போட்டவ நான். பன்னெண்டு வருஷமா சோப்புல கூட வாசனை கிடையாது."

"உங்க கழுத்துலதான் அடிக்குதுக்கா. பொம்பளைங்க போடுற சென்ட்டு. ஒசத்தியானது."

மிலேவா கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பத்தாவதை நீயே பாத்துக்க."

டான்யூப் ஆற்றுக் குளிருக்குப் பயந்து, காலையில் அவசரமாக அவள் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தது, கணவனின் மஃப்ளர்.