சுகர் இருநூத்தி எண்பது

ரிப்போர்ட்டைக் கணவன் இளையபெருமாளின் மடியில் வீசினாள் கயல்விழி.

"வெறும் வயித்துலயே இருநூத்தி எண்பது! தொப்பைக் கொழுப்பு சும்மா கெடக்காதுங்க, ஹார்மோனைச் சுரந்து இன்சுலினை வேலை செய்ய விடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

அவன் போண்டாவைப் பிட்டான். "காலேஜ் படிச்சுட்டா நீ டாக்டரா? எனக்கு ஒண்ணுமில்லடி."

"அப்ப இதுல இருக்கறது பக்கத்து வூட்டுக்காரர் பேரா?"

"பேரு என்னுதுதான். எனக்கு ஊசின்னா பயம். ரெட்டிபாளையம் சுகர் டெஸ்ட் முகாம்ல என் பேரைச் சொல்லி உன் தம்பியை ரத்தம் குடுக்கச் சொன்னேன். அவன் ஒல்லிக்குச்சி, சுகரே இருக்காதுன்னு நெனச்சேன்."

கயல்விழி வண்டிச் சாவியை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"மூணு மாசமா எளச்சுக்கிட்டே போறான். சிமென்ட் ஆலை வேலைதான் உருக்குதுன்னு இருந்துட்டேனே! வண்டிய எடுங்க, அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். அங்கயே உங்க கையையும் நான் புடிச்சுக்கறேன், அவங்க குத்தட்டும்."