லாரி வராத நாள்

"என் லாரி ஒரு நாள் படுத்தா போதும் அண்ணாச்சி. இந்தக் கடைத்தெரு மொத்தமும் ஷட்டரை இறக்கிட்டு ஓடும், பாத்துக்கிடுங்க."

வணிகர் சங்கச் செயலாளர் பொன்னுலிங்கம் தொந்தி குலுங்கச் சிரித்தார்.

அவளுடையது கழிவுநீர் உறிஞ்சும் லாரி. சொந்த வண்டி.

மறுநாள் நடக்கும் சிறுதொழில் முனைவோர் மாநாட்டில் அவள் கேட்டது ஒரே ஒரு நாற்காலி.

"நாற்காலியா? ஏம்மா, நாளைக்கு மந்திரி வாராரு. உன் வண்டி இந்தத் தெருவுலயே தலைகாட்டக் கூடாது."

"மாநாட்டு மண்டபத்துக் கக்கூஸ் தொட்டி கழுத்து வரைக்கும் நிக்குது அண்ணாச்சி. காலையில எடுக்கணும்."

"சீ! திங்கப் போற நேரத்துல பேச்சைப் பாரு."

மறுநாள் லாரி போகவில்லை.

மந்திரிக்கு முன்பே நாற்றம் வந்து சேர்ந்தது.

கழிவறையில் பொங்கியது. பந்தியில் புகுந்தது. மேடையேறி, பொன்னாடைக்குக் காத்திருப்பதுபோல் நடுவில் நின்றது.

"சிறுதொழில்தான் நாட்டின் முது..." என்று தொடங்கிய மந்திரி வாயை மூடினார். அடுத்த மாவட்டத்தில்தான் திறந்தார்.

நாற்றம் தெருச் சாக்கடையில் இறங்கியது.

லட்டுகள் வியர்த்தன. பட்டுச் சேலைகள் மடிப்புக்குள் முகம் புதைத்தன.

முதலில் ஓடியவர் கருவாட்டுக் கடைக்காரர்.

பிறகு ஒவ்வொரு ஷட்டராக விழுந்தது.

பொன்னுலிங்கம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூக்கில் கைக்குட்டை. அதில் அரை பாட்டில் சென்ட்.

நாற்றம் அவளுக்குப் பழக்கம். அந்த சென்ட்தான் குமட்டியது.

"வண்டிய எடு தாயி."

அவள் லாரியில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருகவில்லை.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. எடுக்கேன்."

"அதான் நடந்துட்டே..."

"எனக்குத் தெரியும். மைக்ல சொல்லுங்க."

அவர் திரும்பி நடந்தார்.

காலி மண்டபம். காலி நாற்காலிகள். தெருவெல்லாம் கட்டிய ஒலிபெருக்கிகள் மட்டும் விழித்திருந்தன.

ஊர் எல்லையில் துண்டால் முகம் மூடி நின்ற கூட்டத்துக்கும் கேட்டது. மூக்கடைத்த குரல்.

"அந்தம்மா வண்டி வரலை. கடைத்தெருவு... மூடியாச்சு."

ஒலிபெருக்கி கரகரத்தது.

இருமல். ஓங்கரிப்பு. அவர் மூச்சை உள்ளே இழுப்பது ஊருக்கே கேட்டது.

பிறகு, அடைப்பே இல்லாத குரலில்:

"ஆமா. நான்தான் வரக் கூடாதுன்னேன்."