சம்மத ஊசி

எங்கள் ஊர்க் கோயிலில் கிடா வெட்டுவது என் வேலை. மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும்; அதுதான் சம்மதம். சிலுப்பாத கிடாவை நான் வெட்டியதில்லை. ஒருமுறை சாயங்காலம்வரை காத்திருந்து அவிழ்த்து விட்டிருக்கிறோம்.

இப்போது எவருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. விருந்துக்கு எடுத்த மண்டபத்தை இரண்டு மணிக்குக் காலிசெய்ய வேண்டுமென்று, நேர்த்திக்கடனுக்கு வந்த தனக்கொடி ஊசி போட்ட கிடாவைக் கொண்டுவந்தாள். கூட வந்த ஊசிக் கம்பெனிக்காரன் விளக்கினான்.

“செல்லுக்குள்ள ஜி புரோட்டீன்னு ஒண்ணு சேதி கொண்டுபோகும்ணே. சொன்னதும் அடங்கிரும். ஊசி போட்டா அடங்காது, சொல்லிக்கிட்டே இருக்கும்.”

“என்னன்னு?”

“சிலுப்பு, சிலுப்புன்னுதான்.”

தண்ணீர் தெளிக்குமுன்பே கிடா சிலுப்பியது. நிறுத்தவேயில்லை. கண் செருகி, வாயில் நுரை தள்ளி, நின்ற இடத்திலேயே கழிந்துகொண்டு சிலுப்பியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

“வெட்டுங்கண்ணே, அதான் சரின்னுருச்சுல்ல” என்றாள் தனக்கொடி.

அது சம்மதமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெட்டினேன்.

வழக்கப்படி தலை எனக்கு. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பை வழியெல்லாம் என் காலில் இடித்தது. நடையின் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி பேச்சி அடுப்பின்மேல் சட்டியில் தண்ணீர் விட்டு, தலையைப் போட்டு மூடிவிட்டு, இஞ்சி நசுக்க உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் குரல் கொடுத்தாள்.

“ஏங்க, அடுப்பப் பத்த வச்சிட்டீங்களா? மூடி தடதடன்னு ஆடுது.”

நான் அடுப்பைத் தொடவே இல்லை.