நல்ல ரத்தம்

டங்கென்று தகரக் கூரைமேல் ஒரு கல் விழுந்தது. கடகடவென்று உருண்டுவந்து வாசலில் பொத்தென்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"டிரசரே! வெளிய வாய்யா!"

கத்தரீன் கதவைத் திறந்தாள். பனி இன்னும் விலகவில்லை. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போக வேண்டிய லயத்துச் சனம் பாதி வாசலில் நின்றது. முன்னால் நின்றவன் நல்லுசாமி. பக்கத்துக் கோலா தெர்லா ஊரில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். செத்துப்போன பக்கிரிசாமிக்கு அண்ணன். பக்கிரிசாமியை நேற்றுத்தான் அடக்கம் செய்திருந்தார்கள்.

அவள் கணவர் அமல்தாஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். தோட்டத்துக்கு அவர்தான் டிரசர். மருந்து, ஊசி, கட்டு எல்லாம் அவர் கைதான்.

அந்த எழுபத்தெட்டாம் வருஷ மழைக்காலத்தில் லயம் லயமாகச் சளிக்காய்ச்சல் பரவியிருந்தது. பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். சிலருக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். யாரைப் பிடிக்கும் என்பதை, மூச்சு வாங்குவதற்கு முந்தியே ரத்தம் சொல்லிவிடும் என்பார் அமல்தாஸ். வீடு வீடாகப் போய் விரலில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துவந்து, மைக்ராஸ்கோப்பில் வெள்ளை அணுக்களைப் பார்ப்பார். அதில் ஒரு வகை குறைந்து இன்னொரு வகை ஏறியிருந்தால், ஆளை உடனே வேனில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அப்படிப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் நடந்தே திரும்பி வந்தார்கள்.

காய்ச்சலில் கிடந்த பக்கிரிசாமியை, "நல்ல ரத்தம், வீட்லயே படுத்திருக்கட்டும்" என்று சொல்லியிருந்தார்.

"என் தம்பிக்கு நல்ல ரத்தம்னியே!" நல்லுசாமி கத்தினான். "நல்ல ரத்தம் ஓடுறவன்தான் மூச்சு முட்டிச் சாவானா?"

"டிரசரு அந்தக் குழாய்ல வயாங் படம் பார்த்திருப்பாரு லா!" பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கிரிசாமியின் மனைவி ஜெயா வந்தாள். அவள் கத்தவில்லை.

"டிரசரய்யா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு நான் கொண்டாந்து குடுத்த ரத்தத்தப் பார்த்துட்டா... அவர அனுப்பாம விட்டீங்க?"

அமல்தாஸ் அவள் முகத்தையே பார்த்தார்.

"நான் பார்க்கலம்மா" என்றார்.

கூட்டம் சட்டென்று அடங்கியது.

"வர்ற வழியிலயே கண்ணாடி கைதவறி விழுந்து உடைஞ்சிருச்சு. திரும்பி வந்து எடுக்கச் சோம்பல்பட்டுட்டேன். பக்கிரி தெம்பாத்தான இருக்கான்னு, நானா நல்ல ரத்தம்னு சொல்லிட்டேன்."

கத்தரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடையவே இல்லையே! ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் அதைப் பார்த்தபோது பக்கத்தில் கோப்பி கொண்டுபோய் வைத்தவளே அவள்தான். "அப்பாடா, பக்கிரிக்கு ஒண்ணும் ஆகாது" என்று நிமிர்ந்து சிரித்தாரே!

"ஐயோ, இல்ல! இவரு பார்த்..."

"நீ உள்ள போ, கத்தரீன்."

ஜெயா மூச்சை இழுத்து விட்டாள். நேற்றிலிருந்து அழாதவள், இப்போதுதான் வாய்விட்டு அலறினாள்.

"பார்க்கக்கூட இல்லியா நீ! என் புருசன் உசுரு ஒனக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா? நீ நல்லா இருப்பியா, பாவி! ஒன் குடும்பம் வெளங்குமா!"

குனிந்து வாசல் மண்ணை வாரி அவர்மேல் தூற்றினாள். அமல்தாஸ் கண்ணை மூடிக்கொண்டாரே தவிர, நகரவில்லை.

"துரைகிட்ட போறோம்யா. இந்தக் கேமரன் மலையில எந்தத் தோட்டத்துலயும் ஒனக்கு வேலை கிடையாது. பார்த்துக்க!" என்றான் நல்லுசாமி.

"போய்ச் சொல்லுங்க. அவரு கேட்டா நானும் இதையேதான் சொல்லுவேன்."

பெண்கள் ஜெயாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். அவள் ஏசிக்கொண்டே போனது மேட்டுலயம் திரும்பும்வரை கேட்டது.

கத்தரீன் கதவைச் சாத்தினாள்.

"வீட்டக் காலி பண்ணச் சொல்லப் போறாங்க. பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்க போறது? ஏங்க இப்படி ஒரு பொய்ய சொன்னீங்க? பார்த்தது தப்பாப் போச்சா? அத மறைக்கத்தானா?"

"தப்பு இல்ல. சரியாத்தான் பார்த்தேன். அது நல்ல ரத்தந்தான்."

"அப்புறம் ஏன் அவன் செத்தான்?"

அமல்தாஸ் கண்ணிமையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார்.

"பக்கிரிக்கு ஊசின்னாப் பயம். அன்னிக்கு ஜெயா என்னை வாசல்லயே மறிச்சு, 'இப்பத்தான் கண்ணசந்தாரு, குடுங்கய்யா, நானே எடுத்தாறேன்'னா. இன்னும் அத்தனை வீடு பாக்கியிருக்கேன்னு நானும் ஊசியையும் கண்ணாடியையும் அவ கையில குடுத்துட்டேன். சோம்பல்னு சொன்னது முழுப் பொய் இல்ல, கத்தரீன்."

சட்டையிலிருந்த மண்ணையும் தட்டிவிட்டார்.

"நேத்து அவன எடுக்கறதுக்கு முன்ன, மனசு கேக்காம அவன் கையப் பிரிச்சுப் பார்த்தேன். பத்து விரல்லயும் ஒரு குத்துகூட இல்ல."

கத்தரீன் அவரையே பார்த்தாள். புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருமி இருமி ஓஞ்ச மனுசனப் போய்க் குத்தணுமான்னு, தன் விரலக் குத்திக் குடுத்திருக்கா. அந்த ரத்தத்தப் பார்த்துத்தான் அவன அனுப்பலன்னு இன்னிக்கு நான் சொல்லியிருந்தா, அவ உசுரோட இருப்பாளா? போகட்டும். என்னைத் திட்டிக்கிட்டாவது இருக்கட்டும்."

கத்தரீன் உள்ளே போய், அவர் தினமும் வீடு வீடாகப் போகுமுன் ஊசி கொதிக்கவைக்கும் சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள்.